முன்வரிசை நாற்காலியும் பச்சை முந்திரியும்

எங்கள் டவுன்ஷிப்பில் "ஹெட் ஆபீஸ்" என்ற சொல்லைச் சாதாரணக் குரலில் யாரும் சொல்வதில்லை. சுரங்கத்தில் வேலை என்றால் "மைன்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஹெட் ஆபீஸ் என்றால் சொல்வதற்கு முன் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். மாற்றல் உத்தரவு வந்த அன்று நானும் செருமினேன். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஏ.சி. குளிரில் தொண்டை தானாகவே கட்டிக்கொண்டது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி அது. ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் அனுப்ப ஆரம்பித்திருந்த நேரம். அதுவரை நான் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் பிரிவின் ஷிப்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ராப்பகலாக ஓடும் பெல்ட் அது. பெல்ட் ஓடினால் எங்களுக்கு நிம்மதி, நின்றால் ஓட்டம். தூசி, வெயில், இரைச்சல் என்று எல்லாவற்றுக்கும் குறை சொல்லிக்கொண்டு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பொங்கல் முடிந்த கையோடு, ஹெட் ஆபீஸில் ஆள் குறைகிறது என்று என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். நான் கேட்கவும் இல்லை, யாரையும் பிடிக்கவும் இல்லை. ஆனால் அதை இன்றுவரை யாரும் நம்பவில்லை.

அந்த உத்தரவால் உண்மையில் பதவி உயர்வு கிடைத்தது என் மனைவிக்குத்தான்.

அவள் காடாம்புலியூர்க்காரி. அவளுடைய அக்காவைப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரிக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்குச் சகலை. மூட்டை மூட்டையாக முந்திரி, புதுக் கார், விரலுக்கொரு மோதிரம். உறவில் எந்த விசேஷம் நடந்தாலும் வீடியோ வெளிச்சம் விழும் முன்வரிசையில் அக்காவுக்கும் சகலைக்கும் நாற்காலி காத்திருக்கும். என் மனைவி மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய் நறுக்கும் பக்கம் போய்விடுவாள். யாரும் அவளை அங்கே போகச் சொன்னதில்லை. இங்கே உட்காரவும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததனால்தான் எனக்கு அது தைத்துக்கொண்டே இருந்தது.

மாசி மாதம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். அவள் வழக்கம்போலச் சேலையைச் செருகப் போனபோது யாரோ ஒரு பெரியம்மா எழுந்து, "ஹெட் ஆபீஸ்காரர் வூட்டம்மா, நீங்க எங்க போறீங்க? இங்க வந்து உக்காருங்க" என்று முன்வரிசையில் தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். முதுகு நாற்காலியில் படாமல், நுனியில் உட்கார்ந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அக்காவுக்கு ரெண்டு நாற்காலி தள்ளிதாங்க உக்காந்தேன்" என்றாள். "வீடியோக்காரன் எம்மேலயும் லைட் அடிச்சான்" என்றாள்.

நானோ ஹெட் ஆபீஸில் சேர்ந்த முதல் மாதமே அங்கிருந்து ஓடி வந்துவிட நினைத்திருந்தேன். அதை இனி எந்த வாயால் சொல்வது?

முதல் பிரச்சினை அந்த வாயேதான். பெல்ட் ஓடும் இடத்தில் பேசிப் பழகியவன் ரகசியம் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். ஹெட் ஆபீஸில் எல்லோரும் உதட்டால்தான் பேசுகிறார்கள். காற்றாடி சுற்றும் சத்தம்கூடக் கிடையாது. முதல் நாள் மதியம் மனைவியிடமிருந்து போன் வந்தது. என் மாமனாருக்கு மூலத்துக்கு மருந்து வாங்க வேண்டும், அதன் பெயர் என்ன என்று கேட்டாள். நான் சுரங்கத்தில் பேசுவதுபோல மருந்தின் பெயர், எந்த இடத்தில் தடவுவது, எத்தனை வேளை என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மாடி முழுவதும் கையிலிருந்த பேனாவோடு அப்படியே உறைந்திருந்தது. மறுநாள் லிப்டில் ஒரு பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, மிகுந்த அன்போடு, "துத்திக் கீரை சாப்பிட்டுப் பாருங்க" என்றார். "சார், அது என் மாமனாருக்கு" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து நான் கிசுகிசுக்கக் கற்றுக்கொண்டேன். கற்றதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டேன். "கொஞ்சம் மெதுவா பேசினாதான் இன்னா? மூணாவது பிளாக்குக்குக் கேக்குது" என்று வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த என் மனைவி, இப்போது நான் மெதுவாகப் பேசினால் நெற்றியில் கைவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்தது குளிர். எனக்கு ஒதுக்கிய மேசைக்கு இடதுபக்கம் கழிப்பறைக் கதவு. தலைக்கு மேலே ஏ.சி. காற்று கொட்டும் ஓட்டை. அந்தக் காற்று என் உச்சந்தலையில் விழுந்து, பிடரி வழியாக இறங்கி, முதுகுக்குள் போய்விடும். பக்கத்து மேசையில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக மங்கி குல்லாவை எடுத்து மாட்டுவார். "அண்ணாச்சி, இங்க வேலை கத்துக்க வேண்டாம். குல்லா வாங்குங்க" என்றார். நான் ஸ்வெட்டர் வாங்கினேன். வெளியே வந்தால் ஸ்கூட்டர் சீட்டில் அப்பளம் பொரிக்கலாம். உள்ளே போனால் பல் தந்தியடிக்கும். பங்குனி வெயிலில் எங்கள் பிளாக் மொட்டை மாடியில் என் ஸ்வெட்டர் காய்வதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் வானத்தை அண்ணாந்து பார்ப்பாராம்.

வேலையும் விசித்திரமாக இருந்தது. சுரங்கத்தில் பெல்ட் கிழிந்தால் நாலு பேர் ஓடிப்போய் ஒட்டுவார்கள், பெல்ட் ஓடும், எல்லோரும் டீ குடிப்போம். இங்கே என்ன செய்து முடித்தோம் என்பது சாயங்காலம் வரைக்கும் தெரியாது. சாயங்காலமும் தெரியாது. ஒருமுறை, சுரங்கத்து ஓய்வறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மிஷின் வேண்டும் என்ற கோப்பு என்னிடமே வந்தது. அங்கே ஓடாமல் கிடந்த பழைய மிஷின் பக்கத்தில் நாக்கு வறண்டு நின்றவன் நான். ஆசையோடு எழுதி மேலே அனுப்பினேன். "தண்ணீர் எதற்கு?" என்று கேட்டுத் திரும்பி வந்தது. "குடிக்க" என்று எழுதினேன். "யார்?" என்று கேட்டு மறுபடி வந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை, ஹெட் ஆபீஸில் இருப்பவனுக்கு எல்லாம் முடியும் என்று ஊர் நம்புவது. காடாம்புலியூரிலிருந்து என் மனைவியின் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோரிக்கையோடு வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு கான்ட்ராக்டில் இருக்கும் மகனை பர்மனன்ட் ஆக்க வேண்டும். ஒருவருக்கு குவார்ட்டர்ஸ் மாற்ற வேண்டும். இன்னொருவருக்கு அவர் தெருவில் எரியாத விளக்கு எரிய வேண்டும். அது பஞ்சாயத்து விளக்கு.

"சேர்மன் பக்கத்துலதான உக்காந்துகினு இருக்கீங்க? ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்பார்கள்.

"நான் அவர் காரைத்தான் பாத்திருக்கேன். அதுவும் கண்ணாடி ஏத்தியிருந்தது" என்பேன்.

"பாத்தியா, எவ்ளோ அடக்கமா பேசறாரு" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. அந்தப் பக்கத்தில் வெறுங்கை இல்லை என்றால் பலாப்பழம் என்று அர்த்தம். ஒரு கோரிக்கைக்கு ஒரு பழம். கட்டிலுக்கடியில் பழம், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பழம், பூஜை அலமாரிக்குக் கீழே பழம். ஒன்று பழுத்து முடிவதற்குள் அடுத்தது வாசம் விடும். ராத்திரி புரண்டு படுத்தால் கால் முள்ளில் இடிக்கும். செய்ய முடியாத வேலைக்கு வாங்கிய பழம் என்பதால் எனக்கு ஒரு சுளைகூட இறங்கவில்லை. என் மனைவியோ எண்ணெய் தடவிய கையோடு உட்கார்ந்து சுளை எடுத்து, பிளாக் முழுக்கத் தட்டில் கொடுத்தனுப்புவாள். "ஹெட் ஆபீஸுல இருக்காரு இல்ல, வந்துகினே இருக்குது" என்று படியில் நின்று சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பில் இருந்த சந்தோஷம் என் காதில் விழும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.

இந்த நேரத்தில்தான் சுரங்கத்திலிருந்து என் பழைய அதிகாரி போன் செய்தார். "உங்க எடம் இன்னும் காலியாத்தான்யா இருக்கு. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க கேட்டு வாங்கிக்கறோம்" என்றார். பின்னால் பெல்ட் ஓடும் சத்தம் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "யோசிச்சு சொல்றேன் சார்" என்று கிசுகிசுத்தேன். "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார் அவரும்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து வீட்டுக்குப் போனேன். அவள் கட்டில் மீது ஒரு புதுப் புடவையை விரித்து வைத்திருந்தாள். பண்ருட்டியில் அக்கா கட்டிய புது வீட்டுக்கு வைகாசியில் கிரகப்பிரவேசம். "அக்காவே போன் பண்ணிச்சுங்க. முன்னாடி வந்து உக்காரணும், அங்க இங்க போவக்கூடாதுன்னு சொல்லிச்சு" என்றாள். புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். நான் காபி கேட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விருந்து. பச்சை முந்திரிக் குழம்பு. முந்திரிக்கொட்டை முற்றிக் காய்வதற்கு முன்னால் பச்சையாகவே பறித்து, பிளந்து, உள்ளே இருக்கும் இளம் பருப்பை எடுத்துச் செய்வது. தின்றவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், பெருமூச்சு மட்டும் விடுவார்கள். ஆனால் அந்தப் பச்சைத் தோலிலிருந்து கசியும் பால் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கை நிறையச் சாம்பலைப் பூசிக்கொண்டோ, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டோதான் உட்காருவார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்தடியில் மாமியாரும் அக்காவும் என் மனைவியும் சாம்பல் பூசிய கையோடு முந்திரி பிளந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒயரை இழுத்து டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஹெட் ஆபீஸ் மரியாதை. எனக்கு ஏற்கெனவே வாரம் முழுக்கக் காற்று வாங்கிச் சளி. கையும் சும்மா இருக்க முடியாமல் அரித்தது. "நானும் வெட்டறேன்" என்று எழுந்தேன்.

சகலை சிரித்தார். "வேணாங்க சகல. அது ஃபைல் பொரட்டற கை. முந்திரியெல்லாம் ஒத்துக்காது" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ. "சுரங்கத்து கிரீஸ்ல ஊறின கைங்க இது!" என்று, பல வாரங்களுக்குப் பிறகு என் சொந்தக் குரலில் கத்தினேன். மரத்திலிருந்த காக்கை பறந்துபோனது.

"சரிங்க, சாம்பலாவது பூசிக்கோங்க" என்றாள் என் மனைவி.

"எனக்கெதுக்கு சாம்பல்?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

கிளார்க்காக இருந்த நான் கிரீஸைத் தொட்டதே அபூர்வம் என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. கூடை காலியாகும்வரை பிளந்தேன். குழம்பு அமிர்தமாக இருந்தது. விரல் லேசாக எரிந்தது. கௌரவத்துக்காகச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். அடுத்த ஓரிரு நாளில் விரல்கள் கறுத்தன. பிறகு உரிந்தன. உரிந்த இடத்தில் ரேகை என்று எதுவுமே இல்லை, வழவழவென்று புது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

ஹெட் ஆபீஸ் வாசலில் அப்போதுதான் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மிஷின் வந்திருந்தது. விரலை வைத்தால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். அந்தக் கட்டடத்தில் எனக்கு நன்றி சொன்னது அந்தக் குரல் மட்டும்தான் என்பதால் அதன் மேல் எனக்கு ஒரு பிரியம் இருந்தது. தோல் உரிந்தபின் வந்த திங்கட்கிழமை காலை கட்டைவிரலை வைத்தேன். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. துடைத்துவிட்டு வைத்தேன். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." பின்னால் நின்றவர்கள் தலையில் தேய்த்து வைக்கச் சொன்னார்கள், நெற்றியில் தேய்த்து வைக்கச் சொன்னார்கள், ஊதி வைக்கச் சொன்னார்கள். மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வாசல் செக்யூரிட்டி முன்னாள் ராணுவ வீரர், பொறுமைசாலி. அவரே கடைசியில், "சார், ஓரமா நின்னு ட்ரை பண்ணுங்க" என்றார்.

நான் மேலே போய் என் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அந்த வாரம் முழுக்க இதே கதை. சனிக்கிழமை என் அதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர். எதிரில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"வாரம் பூரா ஏன் வரல?"

"வந்துட்டேன் சார்."

"எப்ப?"

"தினமும் சார். இப்பகூட உங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

"அது எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியலையே. வராத நாளுக்கெல்லாம் லீவ் எழுதிக் குடுத்துடுங்க."

"அந்த நாளெல்லாம் வேலை பாத்திருக்கேன் சார். உங்களுக்கே ரெண்டு கோப்பு போட்டேன்."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைக் கவலையோடு பார்த்தார். "லீவ்ல இருந்துக்கிட்டு கோப்பு போட்டீங்களா? யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

டிஸ்பென்சரிக்குப் போனேன். தோல் வளர வேண்டும், அதுவரை முந்திரி பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். களிம்பு தடவினால் மிஷின் இன்னும் மோசமாகக் கோபித்துக்கொண்டது.

எதிர்வீட்டு அம்மாளின் கணவர், இந்த வருகைக் கணக்கைப் பார்க்கும் பிரிவில்தான் இருந்தார். அந்த அம்மாள், பலாச்சுளைத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, என் மனைவியிடம், "உங்க வூட்டுக்காரர் ஆபீஸுக்கே வர்றதில்லையாமே?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்த செய்தியைச் சொன்னார்.

என் மனைவி யோசித்திருக்கிறாள். புருஷன் தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறான். ஆபீஸுக்குப் போகவில்லை. வீட்டில் சத்தமே இல்லை, கேட்டால் முனகுகிறான். அதோடு இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கே போகிறான், ஊட்டிக்கா? மறுநாள் மதியம் நேராக ஹெட் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். என் பெயரைச் சொல்லிக் கேட்டதும் செக்யூரிட்டி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அவர் இன்னிக்கு வரலம்மா" என்றார்.

என் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"ஆபீஸ்ல" என்று கிசுகிசுத்தேன்.

"எந்த ஆபீஸ்ல?"

"ஹெட் ஆபீஸ்ல."

"நான் ஹெட் ஆபீஸ் வாசல்லதான் நின்னுகினு இருக்கேன். நீங்க வரலன்றாங்க."

"கொஞ்சம் மெதுவா பேசு."

"ஏன்? பக்கத்துல யாரு?"

"திருநெல்வேலிக்காரர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கீழே ஓடினேன். அவசரத்தில் அன்று அவரிடம் கடன் வாங்கி மாட்டியிருந்த மங்கி குல்லாவைக் கழற்ற மறந்துவிட்டேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். செக்யூரிட்டி சங்கடத்தோடு, "சிஸ்டத்துல இல்லம்மா. ஆனா இருக்காரு" என்றார். பார்வையாளர் பாஸ் போடுவதற்காக அவளை ஒரு சின்ன கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒரே நொடியில் பாஸ் வந்துவிட்டது. முதல் தடவையாக வந்தவளை அந்தக் கட்டடம் உடனே தெரிந்துகொண்டது.

மேலே வந்து என் இடத்தைப் பார்த்தாள். கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். அண்ணாந்து ஏ.சி. ஓட்டையைப் பார்த்தாள். என் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சேர்மன் எங்க உக்காருவாரு?"

"மேல எங்கயோ. நான் பாத்ததில்ல."

அப்போது, முன்பு லிப்டில் பார்த்த அந்தப் பெரிய அதிகாரி அந்தப் பக்கமாக வந்தார். நான் எழுந்து நின்றேன். "இப்ப எப்படி இருக்கு? துத்திக் கீரை கேட்டுதா?" என்றார் அன்போடு. "பரவாயில்லை சார், ரொம்ப நன்றி சார்" என்று, எனக்கே கேட்காத குரலில், குனிந்து சொன்னேன்.

"யாருக்கு இன்னா?" என்றாள் அவர் போனதும்.

"உங்கப்பாவுக்கு மூலம்."

அவள் சிரிக்கவில்லை. நான் குனிந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியிறங்கி வெளியே வந்து, ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் வேப்பமர நிழலில் நின்றோம். சுரங்கத்திலிருந்து வந்த போனைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ முன்னாடி உக்காந்தது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றேன்.

அவளுக்குப் பொசுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. "அந்த ஒரு நாற்காலிக்காகவா இப்படி வெறச்சிகினு உக்காந்திருந்தீங்க? வூட்டுல நீங்க சத்தமே போடாம இருக்கறத பாத்து, எம்மேல இன்னா கோவமோன்னு நான் தெனம் ராத்திரி யோசிச்சிகினு கிடந்தேன். கேக்கவும் பயமா இருந்தது" என்றாள். எனக்கு அழுகை வந்தது. குல்லா போட்ட மனிதன் வேப்பமரத்தடியில் அழுவதை ஒரு தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவளே என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "அந்த சாருக்குப் போடுங்க" என்றாள். பழைய பழக்கத்தில் கிசுகிசுக்க ஆரம்பித்தேன். "கத்திப் பேசுங்க" என்றாள். கத்தினேன். வாசலில் செக்யூரிட்டி எழுந்து நின்றுவிட்டார்.

சித்திரை முடிவதற்குள் உத்தரவு வந்தது. திருநெல்வேலிக்காரர் அந்தக் குல்லாவை எனக்கே கொடுத்துவிட்டார். பலாப்பழம் வருவது அன்றோடு நின்றது. வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்குப் பண்ருட்டி போய்ச் சேர்வதற்குள், நான் திரும்ப மைன்ஸுக்கு வந்த செய்தி எங்களுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

புது வீட்டின் பெரிய ஹாலில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் உறை போட்ட நாற்காலிகள். சகலை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சகல, திரும்ப மைன்ஸாமே? எதாவது பிரச்சினையா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவருடைய தோளுக்கு மேலாக நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அந்தப் புதுப் புடவையில் ஹாலின் நடுவில் நின்றிருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் "இங்க வாங்க" என்று சொல்லவில்லை. கொல்லைப் பக்கத்திலிருந்து காய் நறுக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் கை இடுப்புப் பக்கம் போனது. சேலையைச் செருகப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேராக முன்வரிசைக்குப் போனாள். ஒரு நாற்காலியில், முதுகு நன்றாகச் சாய, உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள். பின்வரிசைப் பெரியம்மா ஒருவர் குனிந்து, "அதுல யாரு வராங்க?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

"எங்க வூட்டுக்காரர்" என்றாள் அவள், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "மைன்ஸ்ல பெல்ட் செக்‌ஷன். அவருக்கு மெதுவா பேச வராது. பின்னாடி உக்கார வெச்சா உங்களுக்குத்தான் மந்திரம் காதுல வுழாது."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அப்புறம், என்ன நினைத்தாளோ, தன் நாற்காலியைத் தங்கை பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

என் மனைவி திரும்பி, கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினாள். "ஏங்க! இன்னும் வரலியா நீங்க?"

"வந்துட்டேன்!" என்றேன்.

பெல்ட் முழு வேகத்தில் ஓடும்போது அந்தக் கோடியில் நிற்பவனுக்குச் சொல்லும் குரல் அது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வீடியோக்காரன் திடுக்கிட்டு லைட்டை என் பக்கம் திருப்பினான். அந்த வெளிச்சத்திலேயே நடந்து முன்வரிசைக்குப் போனேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.